அரசு வழக்கறிஞர் பதவி (திண்டுக்கல்)

தனியாகத் தொழில் நடத்தும் வக்கீல் அரசின் சார்பில் வாதாட அமர்த்தப்படும் பதவி. 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்த திண்டுக்கல் மாவட்டத்தில் இதை அடைய இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, அமர்வு நீதிமன்றத்தின் அரசுக் குற்றத்துறை வழக்கறிஞராவது. ஏழாண்டுக்குக் குறையாத வக்கீல் அனுபவம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அமர்வு நீதிபதியைக் கலந்து பட்டியல் தயாரிப்பார். அதிலுள்ளவரையே மாநில அரசு நியமிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18ஆம் பிரிவு சொல்வது இது. ஏட்டில் இவ்வளவுதான், நடைமுறையில் கட்சிச் செல்வாக்கும் பேசும். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறுவார்.

இரண்டாவது வழியில் பரிந்துரைக்கு வேலையில்லை. நிலக்கோட்டை, பழனி போன்ற ஊர்களின் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களுக்கான உதவி அரசு வழக்கறிஞர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைத்து எடுக்கிறது. இவர்கள் முழுநேர அரசு ஊழியர்கள். சொந்த வழக்கு நடத்த முடியாது.

பதவியேற்றதும் வேலை தலைகீழாகிறது. நேற்றுவரை ஜாமீன் கேட்டவர் இன்று அதை எதிர்த்து நிற்பார். கட்சிக்காரர் இல்லை, ஃபீஸ் பேச்சு இல்லை; எதிரே காவல் நிலையத்து ஏட்டு கேஸ் டைரியோடு நிற்பார். சாட்சி பிறழ்ந்தால் குறுக்கு விசாரணைக்கு அனுமதி கேட்பதும் இவர் பொறுப்பே.

பதவிக்காலமும் வக்கீல் அனுபவமாகவே கணக்கிடப்படும். மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்திற்கும் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீபக் அகர்வால் வழக்கில் தீர்ப்பளித்தது.