வரைவியல் அட்டையும் கட்டற்ற மென்பொருளும் : ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பொறிகளைப் புனைந்தோரின் வரலாற்றையே எழுதுகின்றனர். பொறியைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினா அவ்வரலாறுகளிற் போதிய இடம் பெறுவதில்லை. இவ்வினாவை ஆராய்வதற்கு உகந்த களங்களுள் ஒன்று, லினக்ஸ் முதலான கட்டற்ற பணிசெயல் முறைமைகள் வரைவியல் அட்டைகளை இயக்கும்பொருட்டு நடத்திவந்துள்ள நீண்ட போராட்டமாகும். அப்போராட்டத்தின் முக்கிய கட்டங்களை எடுத்துக்காட்டி, அதன் மையப் பிரச்சினை மென்பொருள் எழுதும் ஆற்றல் பற்றியதன்று, வன்பொருள் பற்றிய அறிவின் உடைமை பற்றியதே என நிறுவ இக்கட்டுரை முயல்கின்றது.

கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும் அது விளங்கிக்கொள்ளத்தக்க வடிவிற் கட்டளைகளை வழங்குவதற்கென ஒரு மென்பொருள் வேண்டும். இதுவே செலுத்தி எனப்படும். விசைப்பலகை போன்றவற்றின் செலுத்திகள் எளியவை. அவற்றுக்குப் பொதுவான நியமங்களும் உண்டு. வரைவியல் அட்டையோ தன்னளவில் ஒரு கணினியை ஒத்தது. தனக்கென நினைவகமும் கட்டளைத் தொகுதியும் அதற்குண்டு. அதன் வேகத்தையும் வெப்பத்தையும் கணந்தோறும் கட்டுப்படுத்தல் வேண்டும். மேலும், இவையனைத்தும் நிறுவனத்துக்கு நிறுவனம், தலைமுறைக்குத் தலைமுறை வேறுபடுவன. எந்தப் பதிவகத்தில் எந்தப் பெறுமானத்தை எழுதினால் யாது நிகழும் என விளக்கும் ஆவணங்கள் இல்லாதவிடத்து, அட்டையை அணுகுபவர் அறியாத எழுத்திற் பொறிக்கப்பட்ட கல்வெட்டின் முன் நிற்பவரின் நிலையையே அடைகின்றார்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றமே இத்தகையதொரு மறுப்போடு தொடர்புடையது என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1980 ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய றிச்சாட் ஸ்ரோல்மன், அங்கிருந்த லேசர் அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூலக்குறிமுறையை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளர், அதனை வெளியிடுவதில்லையெனத் தாம் வாக்களித்திருந்தமையாற் கொடுக்க மறுத்தார். 1983 இல் ஸ்ரோல்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்ததற்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுதலாயிற்று. கட்டற்றது என்பது இங்கு விலையின்மையைக் குறிப்பதன்று. ஆராயவும் திருத்தவும் பகிரவும் உள்ள உரிமையையே குறிப்பது. 1991 இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கரு, அடுத்த ஆண்டில் குனூவின் பொது உரிமத்தை ஏற்றது.

தொடக்க காலத்தில் வரைவியல் பெருஞ்சிக்கலாக அமையவில்லை. அன்றைய அட்டைகள் திரையிற் புள்ளிகளை இடும் எளிய கருவிகளே. 1992 இல் உருப்பெற்ற எக்ஸ்ஃப்ரீ86 என்னும் திட்டத்தின் தொண்டர்கள் அவற்றுட் பலவற்றுக்குச் செலுத்திகளை எழுதினர். 1993 இல் பிறையன் போல் தொடங்கிய மெசா, முப்பரிமாண வரைதலை மையச் செயலியைக் கொண்டே நிகழ்த்தும் வழியைத் தந்தது. எனினும் 1996 இல் வெளிவந்த வூடூ, 1999 இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் 256 முதலிய அட்டைகளின் வருகையோடு நிலைமை மாறியது. போட்டி கடுமையாயிற்று. தொழில் இரகசியம், புலமைச் சொத்து வழக்குகள் பற்றிய அச்சம், பிறரிடமிருந்து உரிமம் பெற்ற பகுதிகள் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு நிறுவனங்கள் ஆவணங்களை மூடிவைத்தன.

என்விடியா நிறுவனம் 2000 ஆம் ஆண்டளவிலிருந்து லினக்ஸுக்கு ஒரு செலுத்தியை வழங்கியது. ஆயின் மூலக்குறிமுறையை வழங்கவில்லை. அச்செலுத்தி வேகத்திற் சிறந்து விளங்கியதென்பதை மறுத்தலாகாது. அதேவேளை, அது மூவகை இடர்களைத் தோற்றுவித்தது. லினக்ஸ் கருவின் உள்ளமைப்பு இடையறாது மாறுவதாகலின், செலுத்தியும் அதற்கேற்ப நிறுவனத்தாலேயே திருத்தப்படவேண்டியிருந்தது. மூடிய பகுதி உள்ளே இயங்குகையிற் பிழையின் மூலத்தைப் பிறர் கண்டறிதல் அரிதாயிற்று. யாவற்றினும் முக்கியமாக, நிறுவனம் ஓர் அட்டையைக் கைவிடும் நாளில், பழுதற்ற அவ்வட்டையும் பயனிழக்கும் நிலை உருவாயிற்று. ஓப்பன்பிஎஸ்டி என்னும் பணிசெயல் முறைமையினர் இத்தகைய மூடிய செலுத்திகளை முற்றாகவே நிராகரித்தனர்.

இந்நிலையில், 2006 ஆம் ஆண்டளவில் நூவோ என்னும் திட்டம் உருவாயிற்று. பிரெஞ்சு மொழியிற் புதியது எனப் பொருள்படும் பெயர் அது. அதன் தொண்டர்கள் கையாண்ட முறை கல்வெட்டாய்வாளரின் முறையை நினைவூட்டுவதாகும். மூடிய செலுத்தியை இயங்கவிட்டு, அது அட்டைக்கு எழுதுவன யாவற்றையும் பதிவுசெய்து, ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பெற்ற பதிவுகளை ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டளையின் பொருளையும் அவர்கள் உய்த்துணர்ந்தனர். 2010 இல் நூவோ லினக்ஸ் கருவின் 2.6.33 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. ஆயினும் 2014 இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் 900 வரிசையிலிருந்து, நிறுவனத்தின் மின்னொப்பம் பெற்ற உள்ளிட மென்பொருளை மாத்திரமே அட்டைகள் ஏற்கலாயின. அதன் விளைவாக, அவற்றின் வேகத்தை உயர்த்தும் ஆற்றல் நூவோவுக்கு இல்லாமற் போயிற்று. கல்வெட்டு ஓரளவு வாசிக்கப்பட்ட வேளையில் அஃதிருந்த அறை பூட்டப்பட்டது. இதற்கு முன்னரே, 2012 இற் பின்லாந்தின் ஆல்ற்ரோ பல்கலைக்கழகத்தில் உரையாடிய ரோவால்ட்ஸ், தாம் கண்டவற்றுள் மிகவும் ஒத்துழையாத நிறுவனங்களுள் ஒன்றென என்விடியாவை வன்மையாகச் சாடியிருந்தார்.

மறுபுறம், இன்ரெல் நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டே திறந்த மூலச் செலுத்திகளை எழுதுவித்தது. 2006 இல் ஏ.ரி.ஐ. நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி., 2007 இல் வன்பொருள் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015 இல் அதன் புதிய திறந்த செலுத்தி லினக்ஸ் கருவிற் சேர்ந்தது. இவ்வேறுபாட்டை நிறுவனங்களின் நற்குணமாகவோ தீக்குணமாகவோ கொள்வது வரலாற்று நோக்காகாது. சந்தையிற் பின்தங்கிய நிறுவனத்துக்குப் பிறரின் உழைப்பு பயன்படும். முன்னிற்கும் நிறுவனத்துக்கு இரகசியமே அரணாகத் தோன்றும். அவ்வரண் எக்காலத்தும் ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. 2022 மே மாதத்தில் என்விடியாவே தன் செலுத்தியின் கருசார்ந்த பகுதியைத் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டமை இதற்குச் சான்றாகும்.

அவ்வெளியீடு ஒரு பெருந்திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை முழுமையான வெற்றியெனக் கொள்ளல் பொருந்தாது. முன்னர்ச் செலுத்தியில் இருந்த பணிகளிற் பெரும்பகுதி இப்போது அட்டையினுள்ளே அமைந்த தனிச் செயலியில் இயங்கும் மூடிய மென்பொருளுக்கு மாற்றப்பட்டுள்ளது. அச்செயலி 2018 இல் வெளிவந்த ரூரிங் வரிசையிலும் பின்வந்தவற்றிலுமே உண்டு. 2024 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 6.7 ஆம் பதிப்பில் நூவோ அதன் துணையைப் பெற்றமையால், இப்புதிய அட்டைகள் அதன்கீழ் உரிய வேகத்தில் இயங்கும் வழி பிறந்தது. ஆனால் 2014 இற்கும் 2018 இற்கும் இடைப்பட்ட வரிசைகள் இரு வழியினின்றும் விலக்கப்பட்டன. மின்னொப்பப் பூட்டு அவற்றுக்கு உண்டு. திறந்த செலுத்தி அவற்றுக்கு இல்லை. 2025 இல், தனது மூடிய செலுத்தியின் 580 ஆம் தொடரே அவற்றை ஆதரிக்கும் இறுதித் தொடரென நிறுவனம் அறிவித்தது.

இவ்விடத்திலேதான் இவ்வரலாறு வெறும் தொழினுட்பச் செய்தி என்னும் நிலையைக் கடக்கின்றது. ஒரு பொறியின் ஆயுளை அதனை வாங்கியவர் தீர்மானிப்பதா, விற்றவர் தீர்மானிப்பதா என்பதே அடிப்படை வினா. ஆண்டுதோறும் புதிய கணினி வாங்க இயலுவோருக்கு இது சிறு வினாவாகத் தோன்றலாம். பிறர் பயன்படுத்திக் கழித்த பொறிகளைப் பேணிக் கற்கவேண்டிய மாணவருக்கோ இது கல்வி பற்றிய வினாவாகும். ஆவணங்கள் வெளியிடப்பட்ட பழைய அட்டைகள் பல, நிறுவனம் அவற்றை மறந்த பின்னரும் தொண்டர்களின் கைகளில் இன்றும் இயங்குகின்றன. பூட்டப்பட்டவை அந்நற்பேற்றைப் பெறவில்லை.

தொண்டர்களின் உழைப்பு போற்றுதற்குரியது. 2020 இல் வெளிவந்த அப்பிள் எம்1 சில்லுக்கு, எவ்வித ஆவணமுமின்றி 2022 இறுதியிலேயே வரைவியற் செலுத்தியை வழங்கிய அசாஹி லினக்ஸ் குழுவினரின் பணி அதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. ஆயினும், முன்னரே எழுதப்பட்டிருந்த ஓர் ஆவணத்தை மீண்டும் கண்டுபிடிப்பதற்கே அத்திறமை செலவிடப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. அறிவு இல்லாதவிடத்து அதனைத் தேடுதல் ஆராய்ச்சி. இருக்கும் அறிவு மறைக்கப்பட்டமையால் அதனைத் தேட நேர்வது சமுதாயத்துக்கு ஏற்படும் இழப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்தலே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடமெனலாம்.