ஆண்மைக் குறைவுக்கு அமுக்கரா கிழங்கு: பலன் எவ்வளவு? ஏமாறாமல் இருப்பது எப்படி?

ஓசூர்,

ஓசூர் சிப்காட் பகுதியில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். இரவு வேலை, தூக்கக் குறைவு, கடைச் சாப்பாடு, குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கை. இதனால் உடம்பு சோர்ந்து போய், "ஆண்மை குறைஞ்சிடுச்சோ" என்று பயப்படுபவர்கள் உண்டு. வெளியே சொல்ல கூச்சம். டாக்டரிடம் போகவும் வெட்கம். இந்தக் கூச்சம்தான் லேகிய வியாபாரிகளுக்கு முதலீடு.

சிட்டுக்குருவி லேகியம் முதல் 48 நாள் பவுடர் வரை எத்தனையோ பெயரில் சரக்கு விற்கிறது. அதில் அதிகம் அடிபடும் பெயர் அமுக்கரா கிழங்கு.

குதிரை வாசனை

அமுக்கராவின் வடமொழிப் பெயர் அஸ்வகந்தா. அஸ்வம் என்றால் குதிரை. பச்சை வேரில் குதிரை வாடை அடிப்பதால் இந்தப் பெயர். கன்னடம், தெலுங்கு பேசும் எல்லையோர மக்களுக்கும் அஸ்வகந்தா என்றால் உடனே தெரியும். மானாவாரி நிலத்திலும் வளரும். விதைத்து 5 முதல் 6 மாதத்தில் வேரை எடுக்கலாம். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சவுர் பகுதிகளில் அதிகம் பயிராகிறது.

சித்த மருத்துவத்தில் வேரை அப்படியே கொடுப்பதில்லை. பானையில் பால் ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன் மேல் வேர்ப் பொடியை வைத்து ஆவியில் அவிப்பார்கள். இதற்கு பிட்டவியல் என்று பெயர். பிறகு காய வைத்து இடித்து சலிப்பார்கள். கிராம்பு, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு, சர்க்கரை சேர்த்தால் அமுக்கரா சூரணம் தயார். சர்க்கரை சேர்வதால் நீரிழிவு உள்ளவர்கள் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

இதோடு பூனைக்காலி விதை, நெருஞ்சில், நிலப்பனைக் கிழங்கு, ஓரிதழ் தாமரை ஆகியவையும் இதே குறைக்கு கொடுக்கப்படுகின்றன. பூனைக்காலி விதையில் எல்-டோபா என்ற பொருள் இருக்கிறது. நடுக்குவாத நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் தரும் அதே பொருள் இது. எனவே மூலிகைதானே என்று அளவில்லாமல் சாப்பிட்டால் வாந்தி, தலைசுற்றல் வரும்.

பலன் உண்டா?

விந்தணு குறைவாக இருந்த 46 ஆண்களிடம் இந்தியாவில் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், 90 நாள் அமுக்கரா வேர்ச் சத்து சாப்பிட்டவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை கூடியது. மன அழுத்தம், தூக்கமின்மைக்கும் ஓரளவு உதவுவதாக வேறு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் இவை சிறிய ஆய்வுகள். ஒரே வாரத்தில் குதிரை பலம் என்பதெல்லாம் சும்மா விளம்பரம்.

பக்க விளைவும் உண்டு. அரிதாக சிலருக்கு கல்லீரல் பாதிப்பு வந்துள்ளது. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் தயாரிப்பாளர்களை அறிவுறுத்தியது.

உயிருக்கே ஆபத்து

மூலிகை என்று விற்கப்படும் சில பொடிகளில் வயாகராவில் உள்ள சில்டெனாபில் ரகசியமாக கலக்கப்படுவது பல நாடுகளில் நடந்த பரிசோதனைகளில் பிடிபட்டுள்ளது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வேலை செய்தால் சந்தேகப்பட வேண்டும். மூலிகை அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இந்தக் கலப்படப் பொடியைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சடாரென இறங்கி உயிரே போகலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விறைப்புக் குறைவு பல நேரம் தனி நோய் அல்ல. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகை, மது, மனக்கவலை ஆகியவை காரணமாக இருக்கலாம். மாரடைப்பு வருவதற்கு சில ஆண்டுகளுக்கு முன்பே உடம்பு தரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். லேகியம் வாங்கிக் காலத்தை ஓட்டுபவர் இந்த எச்சரிக்கையைத் தவற விடுகிறார். முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் சர்க்கரை அளவு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆண்மை பலம் தருவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். முதல் முறை 6 மாதம் வரை, மீண்டும் சிக்கினால் ஓராண்டு வரை ஜெயில். இது மத்திய சட்டம். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனாலும் இதேதான்.

வாங்கும்போது டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், சேர்ந்துள்ள பொருட்கள், காலாவதி தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் இல்லாத பொட்டலத்தைத் தொடவே கூடாது. மருத்துவரிடம் பி.எஸ்.எம்.எஸ். பட்டமும் பதிவு எண்ணும் கேட்பதில் தப்பில்லை. அரசு மருத்துவமனை சித்த பிரிவுகளில் மருந்து இலவசம். 1983-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமும் சித்த மருந்துகளைத் தயாரித்து வருகிறது.

கூச்சத்தை விட்டு டாக்டரிடம் அரை மணி நேரம் பேசினால் காசும் மிச்சம், உயிரும் மிச்சம்.