டென்மார்க்கின் பெருஞ்செப நாள்

தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை தம் வசம் வைத்திருந்தோர் டேனியர் என்பது சரித்திரங் கற்றோர் அறிந்த செய்தி. அவர்தம் தாயகமாகிய டென்மார்க்கு, சிறிய நாடு. அந்நாட்டிலே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கிறிஸ்தவ விடுமுறை நாள் அனுட்டிக்கப்பட்டு வந்தது. உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின் வரும் நான்காம் வெள்ளிக்கிழமையே அந்நாள். பெருஞ்செப நாள் என்பது அதன் பெயர்.

ஏனைய திருநாள்களைப் போல வேதாகம நிகழ்ச்சி எதனையும் நினைவூட்டுவதற்காக அது எழுந்ததன்று. முற்காலத்தில் அந்நாட்டிலே செபத்திற்கும் நோன்பிற்குமென நாள்கள் பல குறிக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒழுங்குசெய்ய விழைந்தார் சீலந்தின் அத்தியட்சரான ஹான்ஸ் பாகர். ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னன் 1686 ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையினால் இந்நாள் நிலைபெற்றது.

ஆணை கடுமையானது. முதல்நாள் மாலை ஆறு மணிக்கு ஆலயமணி ஒலித்ததும் கடைகளும் மதுச்சாலைகளும் மூடப்படல் வேண்டும். மறுநாள் வழிபாடு முடியும்வரை நோன்பிருத்தல் வேண்டும். தொழிலும் வியாபாரமும் விலக்கப்பட்டன. எனினும், கட்டளை பிறந்த இடத்திலேயே வழக்கமும் பிறந்தது. மணியோசை கேட்கும் பொருட்டுக் கோப்பன்ஹேகன் மாந்தர் நகரைச் சூழ்ந்த கோட்டை மதில்களின்மீது உலாவத் தலைப்பட்டனர். விடுமுறையன்று அடுப்பெரிக்கலாகாது என்பதனால், ரொட்டி சுடுவோர் முதல்நாளே கோதுமைப் பணிஸ்களைச் சுட்டு விற்றனர். மறுநாள் சூடாக்கி உண்ணுதற்கென வாங்கிய அவற்றை, ஏலக்காய் மணங்கமழ அன்று மாலையே சுடச்சுட உண்பது நாளடைவில் வழக்கமாயிற்று.

1770 ஆம் ஆண்டு, அரச மருத்துவராயிருந்து அரசியலிற் செல்வாக்குப் பெற்ற ஸ்துருவென்சேயின் காலத்திலே, திருநாள்கள் பல ஒருங்கே நீக்கப்பட்டன. பெருஞ்செப நாளோ தப்பிப் பிழைத்தது. பிற்காலத்தில் மதில்கள் இடிக்கப்பட்டபோதும் உலாவும் வழக்கம் ஒழியவில்லை. மக்கள் கடற்கரையை நாடிச் சென்றனர். ஆலயங்களிலே இளையோர்க்குத் திடப்படுத்தல் வழங்குதற்குரிய நாளாகவும் அது விளங்கிற்று.

ஸ்துருவென்சேயின் காலத்திலே தப்பிய அந்நாளைப் போர்ச்செலவு வீழ்த்தியது. 2022 இல் உக்ரேனிலே பெரும்போர் மூண்டபின், பாதுகாப்புச் செலவை விரைந்து உயர்த்த டேனிய அரசாங்கம் கருதியது. ஒரு விடுமுறையை நீக்கின் உழைப்புப் பெருகும், வரி வருவாயும் பெருகும் என்பது அதன் கணக்கு. தொழிற்சங்கங்கள் சினந்தெழுந்தன. உடன்படிக்கைகளுக்கு அடிப்படையாயிருந்த ஓய்வுநாளைத் தம்மைக் கேளாமலே பறிப்பது முறையன்று என்பது அவற்றின் வாதம். திருச்சபையாரும் மறுப்புத் தெரிவித்தனர். 2023 பெப்ரவரி 5 இல் பாராளுமன்றத்தின் முன் பல்லாயிரவர் திரண்டனர். ஆயினும் அம்மாதம் 28 ஆந் திகதி, 95 வாக்குகள் ஆதரவாகவும் 68 எதிராகவும் அளிக்கப்பட்டுச் சட்டம் நிறைவேறிற்று. பொது விடுமுறையாக அந்நாள் இறுதியாக அனுட்டிக்கப்பட்டது 2023 மே 5 ஆந் திகதியாகும்.

எதிர்த்தோருள் ஆலயத்திற்கு ஒழுங்காகச் செல்லாதோரும் பலர் இருந்தனர். மன்னன் ஆணையால் மக்கள்மீது சுமத்தப்பட்ட நாள் அது. மணியோசையாலும் மாலையுலாவாலும் சூடான பணிஸினாலும் தலைமுறைதோறும் அவர்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். நோன்பிருக்கக் கட்டளையிடப்பட்டோரின் வழித்தோன்றல்களே, அந்நாளைக் காக்க வீதியில் இறங்கினர். விடுமுறையைச் சட்டத்தால் ஆக்கலாம், சட்டத்தால் அழிக்கவுஞ் செய்யலாம். அதனோடு வளர்ந்த வழக்கமோ அரசாணைக்கு அத்துணை எளிதில் அடங்குவதில்லை.