வறண்ட கதிரும் வெள்ளை அரிசியும்

"பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்" என்பது மலாயாத் தமிழரைக் குறித்து நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்றொடர். பிறர் சிலர் இதனை இகழ்ச்சியாகச் சொல்லுவர். நம்மவருட் சிலர் நாணத்தோடு மறைப்பர். பஞ்சமென்பது யாது, அது கதிரை என்ன செய்தது, அக்கதிரை நம்பியிருந்தவன் உடலை என்ன செய்தது என்று ஆராய்ந்து பார்ப்பவர்க்கு நாணம் வருவதற்கு நியாயமில்லை. சினமும் சிந்தனையுமே வரும்.

முதலில் வயலைப் பார்ப்போம். மழை தவறும் காலத்தில் பயிர் தன் இலைகளிலுள்ள நுண்துளைகளை மூடி, உள்ள நீரைக் காத்துக்கொள்ள முயல்கிறது. துளைகள் மூடினால் காற்றிலிருந்து கிடைக்கும் உணவுப்பொருளும் குறைந்துவிடும். இளம்பயிராயிருக்கையில் நேரும் வறட்சியைப் பல பயிர்கள் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். பூக்கும் பருவத்திலும் பால்பிடிக்கும் பருவத்திலும் நீர் இல்லாவிடில் கதிர் சாவியாய்ப் போகும். எஞ்சிய மணியும் சுருங்கும். மணியில் மாச்சத்து நிரம்ப நாளில்லாமற் போவதால், எடைக்கு எடை பார்க்குமிடத்துப் புரதம் சிறிது மிகுந்ததுபோலத் தோன்றுவதும் உண்டு. ஆனால் ஏக்கருக்கு விளைந்த மொத்தப் புரதம் குறைந்தே போகிறது. களஞ்சியமே காலியாயிருக்க, மணியின் சத்து மிகுந்ததென்று மகிழ்பவர் யார்?

இவ்வியல்பு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டுக் கீன்வா என்னும் தானியத்திலும் காணப்படுகிறது. வறட்சியைத் தாங்குவதிற் பெயர்பெற்ற அப்பயிரும், பூக்கும் வேளையிலும் மணி முற்றத் தொடங்கும் வேளையிலும் நீரின்றி வருந்தும். எந்தப் பயிரும் முழுக் கவசம் பூண்டு பிறந்ததன்று.

இனி நம் முன்னோர் கதைக்கு வருவோம். தாது வருஷப் பஞ்சம் என்று கிழவர்கள் நடுக்கத்தோடு சொல்லிய கொடும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிற்று. பசிபிக் மாக்கடலின் வெப்பநிலை மாற்றத்தால் உண்டாகும் எல் நினோ என்னும் இயற்கை நிகழ்ச்சியே அக்காலத்துப் பருவமழை தவறியதற்குப் பெருங் காரணமென்று இன்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். அதே ஆண்டுகளில் வடசீனத்திலும் பிரேசில் நாட்டின் வடகிழக்கிலும் மக்கள் மடிந்தனர். நம் ஊரிலோ, சிலர் தெய்வக் குற்றம் என்றனர். சிலர் தலைவிதி என்றனர். கடலின் வெப்பத்துக்குப் பூசை தெரியுமா?

மழை தவறியது இயற்கை. மனிதன் மாண்டது முற்றும் இயற்கையன்று. தென்னாட்டிலும் தக்காணத்திலுமாக 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது மதிப்பீடு. அவ்வேளையிலும் இந்தியக் கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் 1877இல் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை அனுப்பிற்று. அவர் நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 1 இராத்தல் தானியமும் சிறு காசும் போதுமென வகுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். கல்லுடைத்து மண் சுமப்பவனுக்கு அவ்வளவு தானியம் போதாது, வெறுந் தானியத்தால் மட்டும் உடல் நில்லாது, பருப்பு முதலியனவும் வேண்டும் என்பது அவர் வாதம். எதிர்ப்பு வலுக்கவே, அவ்வாண்டிலேயே கூலியை உயர்த்தினர். அதற்குள் எத்தனை உயிர்கள்!

அப்பஞ்சத்தில் முதலில் விழுந்தவர் யார்? நிலமில்லாதவர், அவருள்ளும் சாதியின் பேரால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர். வறட்சி எல்லார் வயலிலும் காய்ந்தது. பசி சிலர் வீட்டில் மட்டுமே புகுந்தது. அவர்கள் இலங்கைக்கு அலையலையாகச் சென்றனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் வந்தனர். எதிர்க்கரையான வெல்லெஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் அவர்களை விழுங்கின. ஒப்பந்தக் கூலிமுறையை ஒழிக்க 1910 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கே அவர்கள் உண்டது இறக்குமதி அரிசி. இவ்விடத்தில் நம் வரலாறு உலக மருத்துவ வரலாற்றோடு கலக்கின்றது. அக்காலத்து மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுவந்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மாள்வர். வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளரிடை நோய் மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழரிடை அது அரிதாயிருந்ததை நெகிரி செம்பிலானிலிருந்த டாக்டர் பிராடன் கண்டு 1907இல் நூலாக வெளியிட்டார். பழைய வெள்ளை அரிசியில் நஞ்சு சேர்கிறதென அவர் எண்ணினார். அது சரியன்று. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் ஜாவாத் தொழிலாளரிடை ஆராய்ந்து, ஆலையில் தீட்டி எறியப்படும் தவிட்டோடு உயிர்காக்கும் ஒரு பொருளும் போய்விடுகிறதெனக் காட்டினர். அதனையே இன்று தயமின் என்கிறோம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து மணியின் உள்ளே புகுந்துவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பங்கு நிற்கிறது. எழுத்தறியாத நம் பாட்டிமாரின் அவியற்பானை அவர் பிள்ளைகளின் உயிரைக் காத்தது. அவர்கள் காரணம் அறிந்து செய்யவில்லை. ஆயினும் பயனுள்ள வழக்கம் அது. வழக்கம் எதுவாயினும் அறிவினால் உரைத்துப் பார்த்து, நல்லதைக் கொண்டு தீயதைத் தள்ளவேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

மீண்டும் ஒரு பசி 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைப்பட்டபோது வந்தது. அரிசிக் கப்பல் நின்றது. நகரத்தாரும் தோட்டத்தாரும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாட்கழித்தனர். வயிறு நிரம்பிற்று; புரதமின்றி உடல் வற்றிற்று. இம்முறை மழை பொய்க்கவில்லை. பஞ்சத்துக்கு வானம் வேண்டுவதில்லை, போரே போதும் என்பதை அந்நாட்கள் கற்பித்தன.

இந்நெடுங்கதையில் நாம் மறந்த பொருள் ஒன்றுண்டு. நெல்லைக் காட்டிலும் குறைந்த நீரில் விளையும் கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு என்பன நம் புன்செய் நிலத்துச் செல்வங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. நெடுநாள் கெடாதென்று கோபுரக் கலசத்தில் வரகை இட்டு வைத்த நம்மவர், ஏழையின் பானையில் அதே தானியத்தைக் கண்டால் இழிவென்றனர். களியும் கூழும் கீழ்ச்சாதி உணவென்றும், வெள்ளைச் சோறு மேலோர் உணவென்றும் தானியத்துக்கும் வருணம் வகுத்தனர். ஆண்டிஸ் நாட்டை வென்ற ஸ்பானியரும் கீன்வாவை அவ்வாறே பழங்குடியினர் உணவென்று இகழ்ந்தனர். காலம் மாறிற்று. ஐக்கிய நாடுகள் 2013ஐக் கீன்வா ஆண்டாகவும், 2023ஐச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடின. பினாங்கில் கேழ்வரகு மாவு மலிவாய்க் கிடைக்க, அதைத் தாண்டிச் சென்று மிக்க விலை கொடுத்துக் கீன்வா வாங்குவோரும் நம்மில் உளர்.

மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய நலக் கணக்கெடுப்பில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிக அதிகம். கேழ்வரகு இதற்கு மருந்தென்று நாம் சொல்லவில்லை. அதுவும் மாச்சத்துள்ள தானியமே. ஆனால் கண்ணைப் பறிக்கும் வெண்மையையே மேன்மையென்று கருதித் தட்டை நிரப்பும் மயக்கம் ஒழியவேண்டும். பருப்பும் கீரையும் தவிடு நீக்காத தானியமும் தோட்டப் பிள்ளையின் தட்டிலும் நகரப் பிள்ளையின் தட்டிலும் சமமாக விழவேண்டும்.

தோழர்களே! புவி சூடேறிவரும் இந்நாளில் வறட்சி மீண்டும் வரும். அது கதிரைச் சுருக்கும். கூலியைச் சுருக்குவதும், சாதியால் உணவைப் பிரிப்பதும், விதியென்று வாய்மூடி இருப்பதும் மனிதர் செயல். மழையை நாம் ஆணையிட்டு அழைக்க முடியாது. இம்மூன்றையும் நம்மால் நிறுத்த முடியும்.