குடைப் பாவாடை

போன மாதம் என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டமாக ஓடி வந்தாள். ஆண்டு விழாவில் சிண்ட்ரெல்லா நாடகமாம், அவள்தான் சிண்ட்ரெல்லாவாம். "சுற்றினால் குடை மாதிரி விரியணும், பாட்டி!" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

ராஜகுமாரி உடுப்பு வாடகைக்குக் கிடைக்குமே என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை. என் மனைவி பீரோவிலிருந்து பழைய இளநீலப் புடவை ஒன்றை எடுத்தாள். தையல் மெஷினைத் தூசி தட்டினாள். என்னைக் கணக்குப்பிள்ளையாக நியமித்தாள்.

குடைப் பாவாடையின் கணக்கு வேடிக்கையானது. குழந்தையின் இடுப்பு 22 அங்குலம். அந்தச் சுற்றளவுக்கு வட்டம் போட, மையத்திலிருந்து மூன்றரை அங்குலம் போதும். அதற்கு வெளியே பாவாடையின் நீளம் 25 அங்குலம். அடி விளிம்பைச் சுற்றிக் கணக்கிட்டால் 179 அங்குலம். ஏறக்குறைய ஐந்து கஜம்! இரண்டு அரை வட்டங்களாக வெட்டியதில் ஆறு கஜப் புடவையில் பாதிக்கு மேல் போய்விட்டது. இடுப்பில் ஒரு சுருக்குக்கூட இல்லை, விரிவெல்லாம் கீழேதான்.

"உடம்பை மறைக்க ஒன்றரைக் கஜம் போதுமே! மிச்சமெல்லாம் எதற்கு?" என்று கேட்டேன்.

"அந்த மிச்சத்தினால்தான் அவள் ராஜகுமாரி" என்றாள் மனைவி, கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமலே.

எனக்குச் சரித்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த மிச்சத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த காலம் ஒன்று உண்டு.

1941 ஜூன் முதல் தேதி பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. ஆலைகளும் கப்பல்களும் ஆட்களும் யுத்தத்துக்கு வேண்டியிருந்தார்கள். ஜனங்கள் உடுத்துவதைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். கையில் காசு இருந்தால் மட்டும் போதாது, கூப்பனும் வேண்டும். முதல் வருஷத்துக்குத் தலைக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கு மட்டும் 11 போய்விடும். 1942-இல் சர்க்கார் தையற்காரரின் கத்தரிக்கோலையே பிடித்துக்கொண்டது. ஒரு கவுனில் ஐந்து பொத்தான்களுக்கு மேல் கூடாது; பாவாடையில் பெட்டி மடிப்பு என்றால் இரண்டு, கத்தி மடிப்பு என்றால் நான்கு. அதோடு சரி. இருட்டடிப்புக்காக ஜன்னலில் மாட்டும் கறுப்புத் துணிக்குக் கூப்பன் இல்லை என்று கண்டுகொண்ட பெண்கள், அதை வாங்கி உடுப்புத் தைத்தார்கள்.

அந்த வருஷ டிசம்பர் மாதத்தில், அதாவது 1941-இல், விண்ட்ஸர் கோட்டையிலும் ஒரு நாடகம் நடந்தது. என்ன நாடகம் என்கிறீர்கள்? சிண்ட்ரெல்லாதான்! பதினொரு வயது மார்கரெட் இளவரசி சிண்ட்ரெல்லா. பின்னால் ராணியாகிய அக்காள் எலிசபெத்துக்கு அப்போது பதினைந்து வயது. அவர் ராஜகுமாரன் வேஷம் கட்டினார். எழுதி நடத்தியவர் ஹியூபர்ட் டானர் என்ற பள்ளி ஆசிரியர். நாடகம் நடந்த வாட்டர்லூ மண்டபத்தில் மாட்டியிருந்த பெரிய ஓவியங்களைக் குண்டுவீச்சுக்குப் பயந்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். பிற்பாடு அந்த வெற்றுச் சட்டங்களில், ஓர் இளம் மாணவர் காகிதச் சுருள்களில் தீட்டிய கதைப் பாத்திரங்களை மாட்டினார்கள். நிஜமான இளவரசியும் ராஜகுமாரியாவதற்கு வேஷம் கட்ட வேண்டியிருந்த காலம் அது!

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நியாயமாக இராது. 1943-இல் அதே சாம்ராஜ்யத்தின் வங்காளத்தில் சோற்றுக்குப் பஞ்சம் வந்தது, லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். கூடவே துணிக்கும் பஞ்சம். உடுத்த ஒரு புடவையின்றி, குடிசையை விட்டு வெளியே வர முடியாமல் பெண்கள் முடங்கிக் கிடந்தார்கள். அங்கே மடிப்பை எண்ணவில்லை; மானத்தை மறைக்கும் துணியே இல்லை.

யுத்தம் முடிந்தும் கூப்பன் தீரவில்லை. இந்த நிலையில் 1947 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் என்ற உடைக் கலைஞர் தம் முதல் கண்காட்சியை நடத்தினார். இடுப்பு கொடி போல. பாவாடையோ கஜம் கஜமாகத் துணியை விழுங்கிக்கொண்டு பூவாய் விரிந்தது. 'அல்லி வட்டம்' என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்தார். பெண்கள் பலர் மயங்கிப் போனார்கள். எல்லோருமல்ல. பாரிஸின் மோன்மார்த்ர் சந்தையில் அந்த உடையணிந்து படம் எடுக்க நின்ற பெண்ணைக் கண்டதும், அங்கிருந்த பெண்கள் பாய்ந்து அதைக் கிழித்தார்கள். குழந்தைக்குச் சட்டை இல்லாதவளின் கண்ணில் பத்துக் கஜப் பாவாடை எப்படிப் பட்டிருக்கும்?

அதே ஆண்டு நவம்பரில் எலிசபெத்தின் கல்யாணம். மணப்பெண்ணின் உடுப்புக்கும் கூப்பன்தான். தேசத்துப் பெண்கள் தங்களுக்கே போதாத கூப்பன்களைக் கிழித்துத் தபாலில் அனுப்பினார்களாம். பிறர் கூப்பனைப் பயன்படுத்துவது குற்றமாகையால், அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சந்தையில் கிழித்தவர்களும் பெண்கள், கூப்பன் அனுப்பியவர்களும் பெண்கள். இரண்டு மனசுமே எனக்குப் புரிகிறது.

1949 மார்ச்சில் துணி ரேஷன் ஒழிந்தது. 1951-இல் மார்கரெட்டின் இருபத்தோராவது பிறந்த நாள் வந்தது. விண்ட்ஸரில் சிண்ட்ரெல்லாவாக நடித்த அந்தச் சிறுமி இப்போது அணிந்தது டியோர் தைத்த வெண்ணிறப் பட்டுக் கவுன். அப்போது எடுத்த புகைப்படத்தில் பாவாடை அவரைச் சுற்றி மேகம் போல் கிடக்கிறது. கதையிலே ஒரே ராத்திரியில் தேவதை செய்து கொடுத்த காரியத்துக்குச் சரித்திரத்தில் பத்து வருஷம் பிடித்தது.

விழா அன்று பேத்தி மேடையில் சுற்றினாள். ஐந்து கஜமும் விரிந்தது. நான் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். வட்டம் வெட்டியபோது விழுந்த மூலைத் துண்டுகளை மனைவி பத்திரமாக ஒரு பையில் சுருட்டி வைத்திருந்தாள். என் மாமியார் யுத்தகால ரேஷனைப் பார்த்தவர். விரல் நீளத் துணியைக்கூட எறிய மாட்டார். "இது எதற்கு?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றாள்.