நகலா, சாவியா? ஜாவாவிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தரவு கைமாறும் விதம்

ஜாவா நிரலுக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டைப் பதித்து ஓட்டுவது பழைய வழக்கம். நெட்ஸ்கேப்பில் 1997-இல் தொடங்கிய ரைனோ இவ்வகை எஞ்சின்களில் மூத்தது. 2006-இல் வந்த ஜாவா 6, ஸ்கிரிப்ட் எஞ்சின்களுக்கெல்லாம் பொதுவான இடைமுகம் ஒன்றைத் தந்தது. அதில் ஒரு தரவுப் பொருளை உள்ளே அனுப்ப ஒரு வரி போதும்: 'புட்' முறைக்குப் பெயரையும் பொருளையும் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்த எளிமைதான் ஏமாற்றுகிறது. அங்கே எதுவும் 'அனுப்பப்படுவதில்லை'. வீட்டுச் சாமானை எடுத்துக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டுச் சாவியையே கொடுத்துவிடுகிறோம்.

ஒரு விற்பனை ஆணையை 'மேப்' ஆக வைத்து, ஜாவா 8-உடன் 2014-இல் வந்த நாஸ்ஹார்ன் எஞ்சினுக்குக் கொடுப்போம். ஸ்கிரிப்ட் அதன் 'தொகை' புலத்தில் சுழியம் எழுதினால் ஜாவா பக்கத்து மேப்பிலேயே தொகை சுழியமாகிவிடும். இத்தனைக்கும் அந்த மேப் ஜாவாஸ்கிரிப்ட் பொருளாகவும் மாறியிருப்பதில்லை. புள்ளி வைத்துப் புலத்தைப் படிக்கலாம், ஆனால் 'ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை'யிடம் கொடுத்தால் வரையறுக்கப்படாத மதிப்புதான் திரும்பும். ஜாவா பட்டியலை 'அரே'யா என்று கேட்டால் இல்லை என்றே விடை வரும். ரைனோவிலோ, ஜாவா முறை ஒன்று திருப்பித் தரும் சரம்கூட இயல்பு அமைப்பில் 'ஆப்ஜெக்ட்' என்றே தன்னை அறிவித்துக்கொள்ளும். உருவம் ஒன்று, உள்ளீடு வேறு.

ஆகவே தரவு என்றால் நகல் போகட்டும் என்பதே என் வாதம். ஜாவா பக்கத்தில் ஜேசன் சரமாக்கி, அந்தச் சரத்தை மட்டும் கொடுத்து, உள்ளே 'பார்ஸ்' செய்யலாம். இதற்கும் விலை உண்டு. ஜாவாவின் 'லாங்' எண் 64 பிட். ஜாவாஸ்கிரிப்ட் எண் பிசகின்றித் தாங்கும் முழு எண்ணின் எல்லை 9007199254740991. ஆணை எண் 9007199254740993 என்றிருந்தால் 'பார்ஸ்' செய்தபின் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. அத்தகைய எண்களைச் சரமாகவே அனுப்ப வேண்டும். தேதியும் தேதிப் பொருளாகப் போய்ச் சேராது. பெரிய தரவுக்கு நேரமும் நினைவகமும் கூடுதலாகும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் ஆணை ஒன்றுக்குச் சில புலங்களே இருக்கும் இடத்தில் அதைச் சொல்வது வெறும் சாக்கு.

எஞ்சின்களின் வரலாறும் இந்தப் பக்கமே சாய்கிறது. நாஸ்ஹார்னில் வகுப்பு வடிகட்டி பின்னர்தான் சேர்ந்தது. அதைப் போடாவிட்டால் ஸ்கிரிப்ட் விரும்பிய ஜாவா வகுப்பை எட்டிப் பிடிக்கலாம். 2020-இல் ஜாவா 15 நாஸ்ஹார்னையே விலக்கியது. கிரால் விஎம்மின் எஞ்சினில் இயல்பு நிலை தலைகீழ்: ஏற்றுமதிக் குறி இட்ட முறைகளை மட்டுமே ஸ்கிரிப்ட் தொடலாம். செயலைப் பகிர வேண்டிய இடத்தில் அந்தக் குறியையே பயன்படுத்தலாம்.

நகலிலும் ஒரு குறுக்குவழி உண்டு, அது கூடாது: ஜேசன் சரத்தை ஸ்கிரிப்ட் மூலத்தோடு ஒட்டுவது. யூனிகோடின் U+2028 குறி ஜேசன் சரத்துக்குள் வரலாம். 2019-க்கு முந்தைய ஜாவாஸ்கிரிப்ட் விதியில் அதுவே வரிமுறிப்பு, தொடரியல் பிழை. சரத்தை மாறியாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழவே எழாது.