மைசூர் அரசியலில் பெண்கள்: ஏட்டில் ஏறாத சரித்திரம்

மைசூர் என்றதும் நம் உறுப்பினர்களுக்கு அரண்மனை, தசரா, சாமுண்டி மலை, மைசூர் பாகு ஆகியவை முதலில் நினைவுக்கு வரும். அதே மைசூர் ஒரு பெண்மணியின் ஆட்சியின் கீழ் ஏழு ஆண்டுகள் இருந்தது என்பதும், கர்நாடக சட்டசபைக்குத் தலைமை தாங்கிய ஒரே பெண்மணி மைசூர் ஜில்லாவிலிருந்து சென்றவர் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தவர்களுக்கும் பெயரும் வருஷமும்தான் தெரியும். மற்றவை எங்கே போயின என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அச்சில் இருப்பவை

1894 டிசம்பரில் பத்தாம் சாமராஜ உடையார் கல்கத்தாவில் காலமானார். பட்டத்துக்கு உரிய நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவர். ஆகவே 1895 முதல் 1902 வரை மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி (வாணிவிலாஸ ஸந்நிதானம்) ரீஜெண்டாக இருந்து ராஜ்யத்தை நடத்தினார். அவர் காலத்தில் பெரும்பகுதி திவானாக இருந்தவர் நம் பாலக்காட்டுப் பக்கத்து சர் கே. சேஷாத்ரி ஐயர். திவானைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பிரஜா பிரதிநிதி சபையில் அவர் ஆற்றிய உரைகள் அச்சாகியிருக்கின்றன. பெங்களூரில் அவருக்குச் சிலையும் உண்டு, பேட்டையும் உண்டு. ஆனால் கணவரை இழந்த துக்கத்தோடு, சிறு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, அந்த மகாராணி எப்படி யோசித்தார், யாரைக் கேட்டார், எதை மறுத்தார் என்பதை அவர் குரலில் கேட்க அச்சில் மிகக் கொஞ்சமே கிடைக்கும்.

பெண்களுக்கு வாக்குரிமை சென்னை மாகாணத்தில் 1921-லும், மைசூர் சமஸ்தானத்தில் 1923-லும் வந்தது. பின்னாளில் மைசூர் ராஜ்ய அரசியலில் பெயர் பெற்ற பெண்மணிகளில் இருவரைக் குறிப்பிட வேண்டும்.

முதலாமவர் யசோதரம்மா தாசப்பா (1905–1980). காந்தியவாதி, விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். எஸ்.ஆர். கண்டி, நிஜலிங்கப்பா மந்திரிசபைகளில் மந்திரியாக இருந்தார். மதுவிலக்கை அரசாங்கம் கைவிட முற்பட்டபோது கொள்கைக்காகப் பதவியைத் துறந்தார். 1972-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

இரண்டாமவர் கே.எஸ். நாகரத்னம்மா. மைசூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் சுமார் 60 கிலோமீட்டரில் குண்ட்லுப்பேட்டை வரும். ஹிமவத் கோபாலஸ்வாமி பெட்டாவை ஸேவிக்கப் போனவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். 1997-ல் சாமராஜநகர் ஜில்லா பிரியும் வரை இது மைசூர் ஜில்லாவில் ஒரு தாலூகா. இந்தத் தொகுதியில் 1957-ல் சுயேச்சையாக நின்று வென்ற நாகரத்னம்மா, மொத்தம் ஏழு தடவை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972 முதல் 1978 வரை சபாநாயகராக இருந்தார். 1980-களில் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார். 1993-ல் மறைந்தார். 1973 நவம்பர் 1-ஆம் தேதி மைசூர் ராஜ்யம் ‘கர்நாடகா’ என்று பெயர் மாறியபோது சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் இந்த அம்மையார்தான்.

அச்சில் இல்லாதவை

சட்டசபையில் பேசியது ஒரு வார்த்தை விடாமல் குறிப்பில் ஏறும். தேர்தலில் வாங்கிய ஓட்டுக்கும் கணக்கு உண்டு. ஆனால் 1957-ல் கட்சியின் துணையில்லாத ஒரு பெண்மணி கிராமம் கிராமமாக எப்படிப் போனார்? வண்டி யாருடையது? இரவு யார் வீட்டில் தங்கினார்? பெண்களிடம் அடுக்களையில் உட்கார்ந்து பேசினாரா, திண்ணையில் ஆண்களிடம் பேசினாரா? ஜெயித்த பிறகு பெங்களூருக்குப் போனால் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? அந்த ஓட்டுகள் எப்படி வந்தன என்பதற்கான விடை இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. இவற்றுக்குப் பதில் எந்த கெஜட்டிலும் கிடைக்காது. கூட இருந்தவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1952 பொதுத்தேர்தலில் 21 வயதில் முதல் ஓட்டுப் போட்ட பெண்மணி இன்று 95 வயதை ஒட்டியிருப்பார். 1972-ல் முதல் ஓட்டுப் போட்டவருக்கே 75 தாண்டுகிறது. அந்த முதல் தேர்தலில் வட இந்தியாவில் பெரும்பாலுமாக, ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாயார்’ என்றே பதிந்ததால், வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெயர் பதிவாகாவிட்டால் ஆள் இல்லை என்றே ஆகிவிடுகிறது. சரித்திரத்துக்கும் அதே விதிதான்.

பெரியம்மாவின் கேசட்

1996-ல் என் பெரியம்மாவை ஒரு கேசட்டில் பேச வைத்துப் பதிவு செய்தேன். 1947 ஆகஸ்டில் தேசம் சுதந்திரம் அடைந்தும் மைசூர் சமஸ்தானத்தில் மக்களுக்குப் பொறுப்பாட்சி கிடைக்கவில்லை. அதற்காக நடந்ததே ‘மைசூர் சலோ’ கிளர்ச்சி. செப்டம்பர் 13-ஆம் தேதி மைசூரில் ராமசாமி என்ற மாணவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ராமசாமி சர்க்கிள் அவர் பெயரில் அமைந்ததே. அக்டோபர் 25-ல் கே.சி. ரெட்டி தலைமையில் மந்திரிசபை பதவியேற்றது.

பெரியம்மா அப்போது பள்ளி மாணவி. வீட்டில் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு, சிநேகிதி வீட்டில் கதர்ப்புடவைக்கு மாறிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனதையும், சாயங்காலம் பழையபடி புடவை மாற்றிக்கொண்டு திரும்பியதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பாட்டிக்கு விஷயம் தெரியுமாம். தெரிந்தும் தாத்தாவிடம் சொல்லவில்லையாம். கொடி பிடித்த பெண்ணுக்குப் பின்னால் வாய் திறக்காத ஒரு தாயார் இருந்தார் என்பதை இந்தக் கேசட் இல்லாவிட்டால் எந்தப் புத்தகம் சொல்லும்?

இதில் இன்னொரு பாடமும் உண்டு. சுதந்திரக் கொடி ஏற்றிய மறுநாளே ராமசாமி சுடப்பட்டதாகப் பெரியம்மா சொல்கிறார். உண்மையில் நடுவில் நான்கு வாரம் இருக்கிறது. இத்தாலியில் டெர்னி நகரத் தொழிலாளர்களின் நினைவுகளைச் சேகரித்த அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லியும் இப்படி ஒன்றைக் கண்டார். 1949-ல் இறந்த லூயிஜி ட்ராஸ்டுல்லி என்ற தொழிலாளி, 1953-ல் நடந்த வேலைநீக்கக் கலவரத்தில் இறந்ததாகப் பலர் நினைவில் பதிந்திருந்தது. தேதி தவறுதான். ஆனால் அந்தத் தவறு எதைக் காட்டுகிறது என்று கேட்டார் போர்ட்டெல்லி. பெரியம்மாவுக்குத் தேச சுதந்திரமும் மைசூர் மக்களாட்சியும் ஒரே சம்பவம். ஆகவே வாய்மொழியைத் திருத்தி எழுதக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி வைத்து, சரியான தேதியைப் பக்கத்தில் குறிக்க வேண்டும்.

இரண்டு வீட்டுப் பேச்சு

நாகரத்னம்மா தலைமை வகித்த அதே சட்டசபையின் காலத்தில், தேவராஜ அரஸ் ஆட்சியில் நிலச்சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு 1974 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. குத்தகைக்கு உழுதவருக்கே நிலம் என்று ஆயிற்று. காவேரிக் கரை அக்ரஹாரங்களில் இருந்த நம்மவர் பலருக்கு இதனால் நிலம் போயிற்று. அந்தக் குடும்பங்கள் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் வேலை தேடிச் சென்றன. நம் பாட்டிமார்கள் இதைச் சொல்லும்போது நிலத்தை இழந்த கதையாகத்தான் சொல்வார்கள். குத்தகைதாரர் வீட்டுப் பாட்டியைக் கேட்டால் நிலம் வந்த கதை. இரண்டும் சரித்திரமே. ஒன்றை மட்டும் பதிவு செய்து வைத்தால் அது வழக்கில் ஒரு கட்சியின் வாதம்தான். நம் வீட்டுப் பேச்சைப் பதிய விரும்புகிற நாம், எதிர்வீட்டுப் பேச்சுக்கும் காது கொடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

உறுப்பினர்கள் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய செலவு இல்லை. கைப்பேசி போதும். ஒரே நாளில் கேட்டு முடிக்காமல் மூன்று நான்கு தடவையாக, பகல் தூக்கத்துக்குப் பின் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ‘உங்கள் அரசியல் அனுபவம் என்ன?’ என்று கேட்டால் ‘எனக்கென்ன தெரியும்’ என்பார்கள். முதல் ஓட்டுப் போடப் போனபோது யாருடன் போனீர்கள், வீட்டுக்கு யார் ஓட்டுக் கேட்டு வந்தார்கள், பஞ்சாயத்துக்கு நின்ற பெண்மணி யார் என்று கேட்டால் தானாக வரும். கர்நாடகத்தில் 1987-லேயே பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு 25 சதவீத இடம் ஒதுக்கித் தேர்தல் நடந்தது. அப்போது நின்றவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பதிவு செய்யும் முன் அவர்கள் சம்மதத்தையும், எதை வெளியிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுத்தில் பெயர்க்கும்போது மைசூர்த் தமிழ் தெரிந்தவர் உதவி அவசியம். என் பெரியம்மா ஊர்வலத்தை ‘மெரவணிகெ’ என்றே சொல்கிறார். கன்னடம் அறியாதவர் காதில் அது என்னவாக விழுமோ! இந்த வேலையை எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கும் பேரன் பேத்தியும் செய்யலாம். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போகும் முன் கணினிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் பிரதி வைப்பது நல்லது.

‘ஆகாசவாணி’ என்ற பெயரோடு 1935-ல் எம்.வி. கோபாலஸ்வாமி தம் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கிய ஊர் மைசூர். குரலின் அருமையை அறிந்த ஊர். 224 இடங்கள் கொண்ட கர்நாடக சட்டசபைக்கு 2023 பொதுத்தேர்தலில் 10 பெண்களே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதே 2023-ல் சட்டசபைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் அளிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அந்த இடங்களுக்கு வரப்போகும் பெண்கள், தமக்கு முன்னால் நடந்தவர்கள் எப்படி நடந்தார்கள் என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நம் வீடுகளில் ஊஞ்சலிலும் சாய்வு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு பாட்டியிடமாவது உட்கார்ந்து கேளுங்கள்.